வீட்டுக்கு ஒரு சின்ன மரமறுக்கும் மெஷின்: விறகுக்கும் புயலுக்கும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, எங்கள் பேராவூரணி வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் படுத்த படுக்கையாயின. எங்கள் தெருவுக்கு வழி திறக்க மூன்று நாள் ஆனது. தெரு முழுக்க இருந்தது ஒரே ஒரு மரமறுக்கும் மெஷின் (செயின்சா), அதற்கும் செயின் மழுங்கிப்போய்ப் புகை வந்தது. அடுத்த மாதமே ஆளாளுக்கு மெஷின் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். முதலில் வாங்கியது தப்பான மெஷின். அதற்கப்புறம் இரண்டு மாறிவிட்டது. மழைக்காலம் நெருங்கினாலே சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் "எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு இந்த மெஷின் அவசியம்தானா?

வருஷத்துக்கு ஒரு முருங்கை, இரண்டு வேப்பங்கிளை என்றால் வேண்டாம். நல்ல கைரம்பமும் அரிவாளும் போதும். பெரிய மரம் என்றால் மெஷினோடு வரும் ஆளைக் கூப்பிட்டு, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கூலி பேசிக்கொள்ளலாம்.

வெந்நீர் அடுப்புக்கோ நெல் அவிக்கவோ மாதாமாதம் விறகு அறுக்கிறீர்கள், அல்லது ஐம்பது அறுபது தென்னையாவது வைத்திருக்கிறீர்கள் என்றால் வாங்கலாம். புயலுக்காக மட்டும் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆறு வருஷம் மூலையில் கிடந்த மெஷின் ஏழாவது வருஷம் புயலன்று ஸ்டார்ட் ஆகாது. சாதாரண நாளில் ஓடுகிற மெஷின்தான் அவசர நாளில் உதவும். ஆகவே எந்த மெஷின் என்று யோசிக்கும்போது புயலில் சாய்ந்த புளியமரத்தை மனதில் வைக்காதீர்கள். மாதாமாதம் நீங்கள் அறுக்கப்போகும் விறகை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பெட்ரோலா, கரண்டா, பேட்டரியா?

வீட்டுக் கொல்லையில் வைத்து விறகு அறுப்பது மட்டும்தான் வேலை என்றால் கரண்டில் ஓடும் மெஷின் அருமையானது. 1800 வாட், 16 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ளவை கிடைக்கின்றன. ஆயில் கலக்க வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம், ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் பட்டனை அமுக்கினால் ஓடும். ஆனால் 1800 வாட் என்றால் எட்டு ஆம்பியர் இழுக்கும். டி.வி. மாட்டுகிற சின்ன பிளக்கில் மாட்டாதீர்கள், பெரிய பிளக் வேண்டும். நீள ஒயரும் தடிமனாக, 2.5 ஸ்கொயர் எம்.எம். அளவில் இருக்கட்டும். மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகிக் கருகும். மழை ஈரத்தில் அதைத் தொடவே கூடாது.

புயல் என்று வந்தால் கதை மாறிவிடும். கஜாவுக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் மெஷின் வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேட்டரி மெஷினும் கிட்டத்தட்ட அதே நிலைதான். ஒரு சார்ஜில் நடுத்தரக் கிளைகளை அறுக்கலாம், அடுத்த சார்ஜுக்கு எங்கே போவது? ஜெனரேட்டரோ சோலாரோ இருந்தால் சரி.

என் கணக்கு இது. கடலோர மாவட்டத்துக்காரர், தோப்பு இருக்கிறது என்றால் பெட்ரோல். நகரத்தில் மாடி வீடு, நாலு மரம், அக்கம்பக்கம் சத்தத்துக்குச் சண்டைக்கு வருவார்கள் என்றால் பேட்டரி. தகுதியான பேட்டரி மெஷின் விலை அதிகம். ஆனால் அதே கம்பெனியின் பேட்டரியில் ஓடும் டிரில்லோ புல்வெட்டியோ ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கணக்கு ஒத்துவரும்.

எத்தனை சிசி, எத்தனை இஞ்ச்?

வீட்டு வேலைக்கு எஞ்சின் அளவு 30 முதல் 45 சிசி, பார் 14 அல்லது 16 இஞ்ச். அவ்வளவுதான்.

நம்பமாட்டீர்கள் என்று தெரியும். "தென்னை அவ்வளவு தடியாக இருக்கிறதே" என்பீர்கள். தென்னை நடுத்தண்டின் குறுக்களவு பெரும்பாலும் ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர் பக்கம்தான் இருக்கும். 16 இஞ்ச் என்பது 40 சென்டிமீட்டர். தூர் மட்டும் பருத்திருக்கும், அதை இரண்டு பக்கமாக அறுத்துவிடலாம். விறகுக்கு வருகிற கருவேலங்கட்டை தொடைத்தடிமன்கூட இருக்காது.

உதாரணத்துக்கு, ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 180 என்ற சின்ன மெஷின் 31.8 சிசி, பாரும் செயினும் சேர்க்காமல் நாலு கிலோ பக்கம். ஹஸ்க்வர்னாவின் 120 மார்க் 2 என்பது 38.2 சிசி, அதுவும் ஐந்து கிலோவுக்குள்தான். இந்த இரண்டில் ஒன்றை வாங்கியே தீர வேண்டும் என்று சொல்ல வரவில்லை, அளவு புரிவதற்காகச் சொன்னேன். அரை மணி நேரம் குனிந்து நின்று அறுத்த பிறகு ஒவ்வொரு கிலோவும் இடுப்பில் உட்காரும். களைத்த கையில்தான் மெஷின் நழுவுகிறது.

பார் நீளமாக நீளமாக எஞ்சினுக்குப் பாரம் கூடும், அரம் போட வேண்டிய பல் கூடும், கண்ணுக்குத் தெரியாத மறுபக்கத்தில் நுனி எதையாவது முட்டும் ஆபத்தும் கூடும்.

ஆன்லைனில் 58 சிசி, 22 இஞ்ச் மெஷின் ஆறாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

நான் முதலில் வாங்கிய தப்பான மெஷின் அதுதான்.

ஓடாது என்று சொல்லமாட்டேன். ஓடியது. நாலு மாதம் நன்றாகவே ஓடியது. அப்புறம் கயிறு சுற்றும் பிளாஸ்டிக் சக்கரம் உடைந்தது, ஆயில் பம்ப் நின்றது. விற்ற கடையில் கேட்டால் "கம்பெனிக்கு அனுப்பணும் சார்", அந்தக் கம்பெனிக்கு முகவரி கிடையாது. பட்டுக்கோட்டை மெக்கானிக் வேறொரு உடைந்த மெஷினிலிருந்து பாகம் கழற்றிப் போட்டுத் தந்தார். நல்ல மனுஷன். ஆனால் புயல் நேரத்தில் அவரிடமும் இருபது மெஷின் வரிசையில் நிற்கும்.

இந்த வகை மெஷின்களுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. பல பெயர்களில் விற்றாலும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே அமைப்பு, அதனால் செயினும் கார்பரேட்டரும் சல்லிசாகக் கிடைக்கும். தானே கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்கு அது ஒத்துவரும். தெரியாதவர்கள், பெட்ரோல் ஆயிலோடு சேர்த்து ஏழு கிலோவைத் தொடுகிற அதன் எடையையும் கையை மரத்துப்போகச் செய்யும் அதிர்வையும் நினைத்துப் பாருங்கள். பெயருள்ள கம்பெனி மெஷின் இதைப்போல மூன்று நான்கு மடங்கு விலை, மறுக்கவில்லை. அதைப் புதிதாக வாங்க முடியாவிட்டால், உள்ளூர் மெக்கானிக் கைபட்ட பழைய கம்பெனி மெஷினை வாங்குவேனே தவிர அந்த 22 இஞ்சுக்குத் திரும்பப் போகமாட்டேன்.

ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் செயின் செட் வாங்கலாமா?

வேண்டாம். கிரைண்டர் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். செயினை நிறுத்தும் பிரேக் இல்லை, செயினுக்குத் தானாக ஆயில் போகும் வழியும் இல்லை, கைப்பிடி அமைப்பும் இந்த வேலைக்கு ஆனதில்லை. விலை குறைவு என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

ஒரு கையில் பிடிக்கும் மினி பேட்டரி மெஷின்?

நாலு இஞ்ச், ஆறு இஞ்ச் பாரோடு வருவது. எலுமிச்சை, கொய்யா, முருங்கைக் கிளைகளைக் கவாத்து செய்ய நன்றாக இருக்கிறது, என் மனைவியே வைத்து வேலை செய்கிறாள். விறகுக்கும் புயலுக்கும் இது காணாது. பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணை அப்படியே நம்பாதீர்கள், பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். ஒரு கையால் அறுக்கும்போது இன்னொரு கை கிளையைப் பிடிக்கப் போகும். விரல் போவது அங்கேதான்.

கடையில் மெஷினை எடுத்துப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கடையைக் கவனியுங்கள். "இதற்கு செயின் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அப்புறம் ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்), ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு. அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினால் பாதி முடிவு ஆன மாதிரி. "ஆர்டர் போட்டு வரவழைக்கலாம்" என்றால் யோசியுங்கள்.

மெஷினில், முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பைத் தள்ளினால் செயின் பிரேக் 'டக்' என்று பிடிக்க வேண்டும். அது இல்லாத மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். செயின் அறுந்தால் பிடித்துக்கொள்ளும் கொக்கி அடியில் இருக்கிறதா, கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பரோ ஸ்பிரிங்கோ இருக்கிறதா என்றும் பாருங்கள். செயின் இறுக்கும் திருகு பக்கவாட்டில் இருந்தால் வசதி, முன்னால் பாரை ஒட்டியே இருந்தால் கையில் சிராய்க்கும். கடைசியாக, கடைக்காரரை ஓட்டச் சொல்லாமல் நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

எங்கள் ஊர் மரங்களுக்கு எது ஒத்துவரும்? தென்னை செயினைத் தின்றுவிடுகிறது என்கிறார்களே?

உண்மைதான். தென்னை மற்ற மரங்களைப் போலக் கிடையாது. வெளிவட்டம் இரும்பு மாதிரி, உள்ளே பஞ்சு மாதிரி, எல்லாமே நார். பச்சைத் தென்னையை அறுத்தால் தூள் விழாமல் ஈர நாராக வந்து ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். நாலைந்து துண்டுக்கு ஒருமுறை மெஷினை அணைத்து, மூடியைக் கழற்றி நாரை வழித்தெடுக்க வேண்டும். அப்படியே ஓட்டினால் செயினுக்கு ஆயில் போகும் ஓட்டை அடைபட்டு பார் நீலநிறமாகக் காந்தும். வெளிப்பட்டையில் ஏறியிருக்கும் மண்ணும் மணலும் பல்லை மழுக்கும், அதனால் அறுக்கும் இடத்தை அரிவாளால் செதுக்கிவிட்டு அறுங்கள்.

சீமைக்கருவேல் கனமான, கெட்டியான கட்டை. பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிட்டால் பாதி சிரமம். காய்ந்தபின் அறுத்தால் தீப்பொறி பறக்காத குறைதான். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் அதன் அருமை அறிந்தவர்கள். விறகுக்கு அதைவிட நல்ல கட்டை எங்கள் வறண்ட பக்கத்தில் கிடையாது. முள்தான் வில்லன். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். முதலில் அரிவாளால் முள்கிளையைக் கழித்து ஒதுக்கிவிட்டு, அப்புறம் மெஷினை எடுங்கள்.

புளி, சின்ன மெஷினின் பொறுமையைச் சோதிக்கும். மெஷினை அமுக்காதீர்கள், அதன் எடையிலேயே இறங்கட்டும். மா, வாகை, வேம்பு எல்லாம் சுலபம். சவுக்கு நேராக இருப்பதால் அறுக்க இன்பம்.

பழைய வேலியோரத்து மரம் என்றால் உள்ளே ஆணியோ முள்கம்பியோ புதைந்திருக்கும். எங்கள் வேப்பமரத்தில் என் தாத்தா காலத்து மாடு கட்டும் வளையம் இருந்தது. செயின் போனது.

விறகு அறுக்கும்போது கட்டை உருளுகிறது, என்ன செய்வது?

காலால் மிதித்துக்கொண்டு அறுப்பதுதான் நம் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். பெருக்கல் குறி போல இரண்டிரண்டு கட்டைகளை ஆணியடித்து, அப்படி மூன்று ஜோடியை ஒரு சட்டத்தில் சேர்த்தால் கட்டை உட்காரும் தொட்டில் தயார். இடுப்பு உயரத்தில் வையுங்கள். கட்டையின் நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்து, அடுப்புக்கு ஏற்ற ஓரடி அளவில் அறுத்துக்கொண்டே வரலாம். செயின் தரையைத் தொடவே தொடாது. இந்த ஒன்றுக்காகவே செயின் இரண்டு மடங்கு நாள் உழைக்கும்.

மாற்று செயின் வாங்கும்போது "16 இஞ்ச்" என்று சொன்னால் போதுமா?

போதாது, இங்கேதான் எல்லோரும் காசைத் தொலைக்கிறார்கள். மூன்று எண் வேண்டும்: கண்ணிகளின் இடைவெளி, பாரின் பள்ளத்தில் ஓடும் அடிப்பல்லின் தடிமன், அடிப்பல் மொத்தம் எத்தனை. பாரின் அடிப்பக்கம் இந்த மூன்றும் பெரும்பாலும் பொறித்திருக்கும். கண்ணி இடைவெளியில், சின்ன மெஷின்களில் வழக்கமாக வருவது '3/8 லோ புரொஃபைல்' என்ற வகை, பெரிய மலிவு மெஷின்களில் .325 இஞ்ச். ஒரே 16 இஞ்ச் பாருக்கு ஒரு கம்பெனியில் 55 அடிப்பல், இன்னொன்றில் 56. ஒரு பல் வித்தியாசத்தில் செயின் மாட்டாமல் போகும். பாரைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடையில் காட்டினால் போதும். மெஷின் வாங்கும் அன்றே இரண்டு செயின் கூடுதலாக வாங்கிவிடுங்கள். புயலுக்கு மறுநாள் கடையில் இருக்காது.

புது செயின் முதல் அரைமணியில் நீளும். இறுக்கம் பார்க்க பாரின் நடுவில் செயினை மேலே இழுங்கள், அடிப்பல் பள்ளத்தைவிட்டு முழுதாக வெளியே வரக் கூடாது, அதே சமயம் கையால் தள்ளினால் செயின் சுற்ற வேண்டும். மெஷினை அணைத்து, கையுறை போட்டுக்கொண்டு பாருங்கள். வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், ஆறும்போது செயின் சுருங்கும்.

அரம் போடுவதை நானே கற்றுக்கொள்ள முடியுமா?

கற்றுக்கொண்டே ஆக வேண்டும். கூர்மையான 32 சிசி மெஷின், மழுங்கிய 58 சிசியை அரைமணியில் தோற்கடிக்கும்.

மழுங்கியதை எப்படித் தெரிந்துகொள்வது? கூராக இருந்தால் செதில் செதிலாக விழும், மழுங்கினால் மாவாக விழும், நீங்கள் அமுக்க ஆரம்பிப்பீர்கள், புகை வரும். ஒரு பக்கமாக வளைந்து அறுத்தால் அந்தப் பக்கத்துப் பற்களும் எதிர்ப்பக்கத்துப் பற்களும் ஒரே அளவில் இல்லை என்று பொருள்.

3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், .325-க்கு 4.8. பாரைக் கட்டையில் இறுக்கி, செயின் பிரேக்கைப் போட்டு, பல்லின் மேலுள்ள கோட்டுக்கு இணையாக, ஏறத்தாழ 30 டிகிரியில், உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரம் பல்லில் படக் கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். மூன்று நாலு தடவைக்கு ஒருமுறை, பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டையும் தட்டை அரத்தால் லேசாகக் குறைக்க வேண்டும். அதை அதிகமாகக் குறைத்தால் செயின் மரத்தைக் கடித்து இழுக்கும், கை அதிரும். இரண்டு டேங்க் பெட்ரோலுக்கு ஒருமுறை அரம் போட்டுப் பழகினால் பத்து நிமிஷ வேலை. செயின் ஒருமுறை மண்ணைத் தொட்டால் அப்போதே.

பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது?

மெஷினோடு வந்த புத்தகத்தில் உள்ளதுதான் சட்டம். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. மலிவு மெஷின்களுக்குப் பலர் 25-க்கு 1 என்கிறார்கள். மருந்துப் பாட்டில் மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள், மில்லி கோடு போட்ட சிரிஞ்சு மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். காற்றில் குளிரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயிலாக இருக்க வேண்டும். மல்லிப்பட்டினத்துப் படகுக்காரர்களிடம் இருக்கும் அவுட்போர்டு ஆயில் தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கானது, அதைக் கடன் வாங்காதீர்கள்.

இன்னொரு விஷயம். இப்போது பங்கில் பிடிக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பல செயின்சா புத்தகங்களில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று போட்டிருக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாயைக் கெடுக்கும். நம்மால் செய்யக்கூடியது இது: ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்து மெஷினை வைக்கப்போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றலாமா?

எல்லோரும் ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத்தூள் இருக்கிறது, பம்பையும் பாரையும் அரிக்கும். அடுப்பில் போகும் விறகிலும் ஒட்டும். பார் ஆயில் கிடைக்காவிட்டால் புது எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். பெட்ரோல் டேங்கை நிரப்பும்போதெல்லாம் இதையும் நிரப்ப வேண்டும். ஆயில் போகிறதா என்று பார்க்க, மெஷினை ஓடவிட்டு நுனியை ஒரு வெள்ளை அட்டைக்கு மேல் காட்டுங்கள், தெளித்த கோடு விழ வேண்டும்.

கைலியோடு அறுக்கலாமா? பாதுகாப்பு உடை எல்லாம் நம் வெயிலுக்கு ஆகுமா?

கைலி, தோளில் துண்டு, ரப்பர் செருப்பு. நம் ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் அறுக்கிறார்கள். துண்டு செயினில் சுற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

செயின்சாவுக்கென்றே விற்கும் பாதுகாப்புப் பேண்டில் நீளநீள இழைகள் அடுக்காக இருக்கும். செயின் பட்டதும் இழை வெளியே வந்து ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி நிறுத்திவிடும். வேர்க்கும், உண்மைதான். காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நாலுக்கு மேல் என்று அறுத்தால் தாங்கும். அதை வாங்க முடியாதவர்கள் குறைந்தபட்சம் கெட்டி ஜீன்ஸ், கணுக்கால் மூடும் ஷூ, கண்ணாடி, காதடைப்பு. ஜீன்ஸ் செயினை நிறுத்தாது, தெரிந்துகொண்டே போடுங்கள். இந்த மெஷின்களின் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும், காது போனால் திரும்பாது. ஐந்தாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துச் சின்ன மெஷின் வாங்கி, அந்தக் காசில் முகவலை வைத்த ஹெல்மெட் வாங்குகிறவரைத்தான் விவரமான ஆள் என்பேன்.

மெஷின் முகத்தை நோக்கி எகிறும் என்கிறார்களே, அது எதனால்?

பாரின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால், செயின் மரத்தை வெட்டாமல் அதில் ஏற முயலும். மொத்த மெஷினும் கண்ணிமைப்பதற்குள் உங்கள் முகத்துக்குத் திரும்பும். கையை இழுக்க நேரம் இருக்காது. அதற்குத்தான் அந்த முன் தடுப்பும் பிரேக்கும். இடது கட்டைவிரல் முன் கைப்பிடிக்கு அடியில் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும், மேலே வைத்துக்கொண்டால் பிடி நழுவும். தலை, செயின் ஓடும் கோட்டுக்கு நேராக இருக்கக் கூடாது. தோளுக்கு மேல் தூக்கி அறுக்காதீர்கள், ஏணியில் நின்றும் வேண்டாம். குவிந்து கிடக்கும் கிளைகளுக்குள் நுனியை விட்டுத் துழாவுவதுதான் புயல் நேரத்தில் அதிகம் நடக்கிறது.

புயலில் விழுந்த மரத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?

கரண்ட் கம்பியிலிருந்து. கம்பி மரத்தில் பட்டுக் கிடந்தால், ஊரே இருட்டாக இருந்தாலும் மெஷினை எடுக்காதீர்கள். யாராவது ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் கம்பி உயிரோடு இருக்கும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, அல்லது உங்கள் பகுதி லைன்மேன். அவர்கள் வந்து சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்புறம் மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். விழுந்த மரம் ஓய்ந்து கிடப்பது போலத் தெரியும், ஆனால் அது வளைத்துக் கட்டிய வில். எந்தப் பக்கம் நசுங்கி நிற்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு முனையும் எதன்மேலாவது தாங்கி, நடு அந்தரத்தில் இருந்தால் மேல்பக்கம் நசுங்கல், அடிப்பக்கம் இழுவை. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலே அறுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை நீட்டிக்கொண்டிருந்தால் தலைகீழ்: முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் மேலிருந்து. இதை மாற்றிச் செய்தால் பார் இடுக்கிக்கொள்ளும், அல்லது கட்டை பிளந்து எகிறும். இடுக்கிக்கொண்டால் மெஷினை அணைத்துவிட்டு ஆப்பு அடித்து எடுங்கள், முறுக்கி இழுத்தால் பார் வளையும்.

வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. தண்டை அறுத்துப் பாரத்தை எடுத்ததும், தூக்கி நிற்கும் வேர்மண் தட்டு 'தொப்'பென்று பழைய குழிக்கே திரும்பி நிமிரும். அந்தக் குழிக்குள் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். அறுக்கும் முன் குழியை எட்டிப் பாருங்கள், வேர்த்தட்டைக் கயிறு போட்டுக் கட்டுங்கள், தூரை ஒட்டி அறுக்காமல் ஆறேழு அடி தள்ளி அறுங்கள்.

வளைந்து மண்ணில் மாட்டிக்கொண்ட கைத்தடிமன் கிளைகள் பெரிய தண்டைவிட மோசம். ஒரே வெட்டாக வெட்டினால் சாட்டை போல அடிக்கும். வளைவின் உள்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக் கொடுத்தால் தானாகத் தளரும்.

தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் நன்றாகத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக் கூரைமேல் சாய்ந்த மரம், இன்னொரு மரத்தில் தொங்கி நிற்கும் மரம், இவை நம் வேலையில்லை. தெரிந்த ஆளுக்குக் காசு கொடுத்துவிடுங்கள்.

அறுத்த தென்னையை என்ன செய்வது? விறகாகுமா?

மட்டை, பாளை, பன்னாடை அருமையான விறகு. தண்டு ஈரத்தில் வெறும் புகை, பிளந்து மாதக்கணக்கில் காயவைத்தால்தான் எரியும். ஆனால் தோப்பிலேயே மக்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, தப்பிப் பிழைத்த மரங்களின் குருத்தைக் குடையும். சீக்கிரம் அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் நிற்கும் நல்ல தென்னையில் செயின் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பச்சைக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும்.

சொந்த நிலத்து மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா?

தென்னை, கருவேலுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. சந்தன மரத்துக்கும் மலைப்பகுதி மரங்களுக்கும் தனிச் சட்டம் உண்டு. சாலையோர மரம் விழுந்து கிடந்தாலும் அது உங்கள் விறகு ஆகாது, வி.ஏ.ஓ.விடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வருஷம் ஒருமுறை எடுக்கிறேன், ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது.

பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள், பத்தில் ஏழு மெஷின் அதிலேயே வழிக்கு வரும். தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் ஷூ முனையை விட்டு மிதித்து, செயின் பிரேக்கைப் போட்டு, சோக்கை முழுசாக இழுத்து, கயிறை இழுங்கள். ஒருமுறை 'புட்' என்று சத்தம் கேட்டதும் சோக்கைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். அந்தச் சத்தத்தைக் கவனிக்காமல் முழு சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் எஞ்சின் பெட்ரோலில் மூழ்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, கழற்றிய நிலையிலேயே ஏழெட்டு இழுப்பு இழுத்துவிட்டு மாட்டுங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கலாம். இதற்கும் மசியாவிட்டால் கார்பரேட்டர், மெக்கானிக் வேலை.

நான் புரட்டாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினை எடுத்து, புது பெட்ரோல் ஊற்றி, ஒரு கருவேலங்கட்டையை அறுத்துப் பார்த்துவிட்டு, அரம் போட்டு வைத்துவிடுவேன். அன்றைக்கு வெந்நீருக்கு விறகும் ஆயிற்று.